கடைக்கு வயது ஐம்பது

1974இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் கேரி பிரசன்ஹன் திறந்தது பழம்பொருள் கடை. பெயர் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. பழைய மேசை, நாற்காலி, பாத்திரம் விற்பதுதான் எண்ணம். கடை பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, தன் குடும்பத்துப் பெண்கள் ஐந்து தலைமுறையாகத் தைத்துவந்த குவில்ட் போர்வைகளில் சிலவற்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். வந்தவர்களுக்கு மேசை நாற்காலி கண்ணில் படவில்லை. சுவரில் தொங்குவதற்கு என்ன விலை என்றே கேட்டார்கள். விற்பனைக்கு வைக்காத பொருளுக்கு இத்தனை கிராக்கி இருந்தால் வியாபாரி என்ன செய்வார்? பழம்பொருள் மெல்ல ஒதுங்கியது. குவில்ட் வந்தது, அதைத் தைக்கத் துணி வந்தது, தைக்கக் கற்றுத்தரும் வகுப்பும் வந்தது.

அமெரிக்காவில் இன்று ஊருக்கு ஊர் இருக்கும் குவில்ட் கடை ஏறக்குறைய இப்படித்தான் பிறந்தது: கேட்டவர்கள் முதலில், கடை பிறகு. குவில்ட் தைப்பது அந்த நாட்டில் குடியேற்றக் காலத்துப் பழக்கம். மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றும் நகராதபடி குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பொடித்தையல். அவ்வளவுதான் குவில்ட். ஆனால் இதற்கென்றே துணி, நூல், பஞ்சு, வடிவத்தாள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடை பெருவாரியாகக் கிளைத்தது 1970களில்தான். அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளும் அந்தப் பெண்கள் கடையே இல்லாமல் தைத்தார்கள். வேண்டியதை எங்கெங்கிருந்தோ சேகரித்தார்கள். இந்தச் சேகரிப்பின் கதையைப் பார்த்தால்தான், கடை வந்த பிறகு அதனிடம் அவர்கள் ஏன் இத்தனை எதிர்பார்க்கிறார்கள் என்பது விளங்கும்.

கதையின் முதல் முடிச்சு சோழமண்டலக் கரையில் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டினம் தொடங்கித் தெற்கே நீண்ட இக்கரையின் துறைமுகங்களிலிருந்து, கையால் வண்ணம் தீட்டிய பருத்தித் துணி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. சாயவேரும் படிகாரமும் சேர்த்து ஏற்றிய சிவப்பு, துவைத்தாலும் போகாது. ஐரோப்பியச் சாயக்காரர்களுக்கு அந்த வித்தை அப்போது கைவரவில்லை. லண்டன் சீமாட்டிகள் இந்தத் துணியில் மயங்கியதைக் கண்டு கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1700இல் இத்தகைய துணியை உள்நாட்டு விற்பனைக்கு இறக்குமதி செய்யத் தடை போட்டது. அது போதாதென்று 1721இல், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் கட்டில் திரையாகத் தொங்கவிடவும்கூடக் கூடாது என்றது. 1774 வரை தடை நீங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், லண்டனில் இறக்கி வேறு நாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்ய 1700ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. லண்டன்காரி உடுத்த முடியாததை அட்லாண்டிக்கைத் தாண்டி பாஸ்டன்காரி உடுத்தலாம்.

அந்தத் துணி விலை அதிகம். கிழிந்தால் தூக்கிப் போட மனம் வராது. ஆகவே அதில் இருக்கும் பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து, வெள்ளைத் துணியின்மேல் பரப்பி, ஓரம் மடித்துத் தைத்தார்கள். அரை கெஜம் சோழமண்டலச் சீட்டித் துணி ஒரு கட்டில் முழுக்கப் பூத்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் வசதியான வீடுகளில் இந்த வகைப் போர்வை பெருமைக்குரிய உடைமை. குவில்ட் என்றாலே ஏழ்மையில் பிறந்தது, கந்தலிலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்லப்படும் கதை பாதிதான் சரி. கந்தலைத் தைக்கவும் முதலில் துணி மலிய வேண்டும்.

துணி மலிந்தது 1820களுக்குப் பிறகு. மாசசூசெட்ஸில் மெரிமாக் ஆற்றங்கரையில் லோவல் நகர ஆலைகள் எழுந்தன. சீட்டித் துணியை மைல் கணக்கில் அச்சிட்டுத் தள்ளின. அதற்கான பருத்தியை விளைவித்துப் பறித்தவர்கள் தெற்கே அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள். 1840, 50களில் அமெரிக்கப் பெண்கள் தைத்த மிக அழகான போர்வைகளைப் பற்றி எழுதுபவர்கள் இந்த ஒரு வரியைப் பல நேரம் தாண்டிப் போய்விடுகிறார்கள். துணி இப்போது ஊரின் பலசரக்குக் கடைக்கே வந்துவிட்டது. மாவு, ஆணி, சர்க்கரை இவற்றோடு அலமாரியில் நான்கைந்து தான் சீட்டித் துணியும் இருக்கும். முட்டையும் வெண்ணெயும் கொடுத்துப் பண்டமாற்றாகத் துணி வாங்கிப் போனார்கள் பண்ணைப் பெண்கள். கடைக்காரர் ஆண்; கெஜக்கோலால் அளப்பார், கிழிப்பார். எந்த நீலத்தோடு எந்தப் பழுப்பு சேரும் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

துணிக்கு அடுத்தபடி தேவைப்பட்டது வடிவம். நட்சத்திரம், கூடை, பறக்கும் வாத்து, மரவீடு என்று நூற்றுக்கணக்கான கட்டங்கள் உண்டு. அவை அக்காவிடமிருந்து தங்கைக்கும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கும் துணி மாதிரிகளாகவே கைமாறின. இதை வியாபாரமாக்கியவர்களில் முந்திக்கொண்டது மிசூரி மாநிலத்து செயின்ட் லூயி நகரின் 'லேடீஸ் ஆர்ட் கம்பெனி'. 1889 முதல் வடிவங்களுக்கு எண் கொடுத்து, அட்டவணை அச்சிட்டு, தபாலில் விற்றது. பிறகு நாளிதழ்கள் புகுந்தன. 'கான்சஸ் சிட்டி ஸ்டார்' 1928இல் ஒரு வடிவத்தை அச்சிட்டுப் பார்த்தது. பெண்கள் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அடுத்தது எங்கே என்றார்கள். 1961 வரை அந்த வரிசை ஓடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள், அவற்றில் கணிசமானவை வாசகியரே அனுப்பியவை. காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர்களே அதற்குச் சரக்கும் கொடுத்தார்கள்.

சின்சினாட்டியின் ஸ்டேர்ன்ஸ் அண்ட் ஃபாஸ்டர் நிறுவனத்தின் யோசனை இன்னும் சாமர்த்தியமானது. அவர்கள் விற்றது 'மவுண்டன் மிஸ்ட்' என்ற பஞ்சுத் தகடு. போர்வையின் நடுவில் வைப்பது, வெளியே தெரியாதது. தெரியாத பொருளுக்கு எப்படி ஆசையை ஊட்டுவது? 1929இல் பஞ்சைச் சுற்றிவரும் தாளின் உள்பக்கத்தில் முழு அளவு வடிவத்தை அச்சிட்டார்கள். தாளுக்காகப் பஞ்சு வாங்கியவர்கள் ஏராளம்.

பொருளாதாரப் பெருமந்தத்தில் துணிக்கடை சாக்குமூட்டைக்கு மாறியது. மாவும் கோழித்தீவனமும் பருத்திப் பைகளில் வந்த காலம். நூறு பவுண்டுப் பையின் தையலைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று மேல் துணி தேறும். ஆலையின் பெயரும் சின்னமும் போகும்வரை சோப்பில் ஊறவைத்து, தேய்த்து, வெளுத்து உபயோகித்துக்கொண்டார்கள். 1920களின் நடுவில் செயின்ட் லூயி மாவு ஆலை ஒன்று கட்டம் போட்ட துணியிலேயே பை தைத்து 'கிங்கம் கேர்ள்' என்ற பெயரில் மாவு விற்றது. அது பிடித்துக்கொண்டது. அடுத்த பத்தாண்டில் பை தயாரிப்பாளர்கள் தனியாக ஓவியர்களை அமர்த்திப் பூ, கோடு, புள்ளி என்று வரையச் செய்தார்கள். பெயர்ச்சீட்டைத் தண்ணீரில் கழன்றுவிடும் தாளில் ஒட்டினார்கள்.

விளைவு, தீவனக் கடையில் ஆண்களுக்குப் புதுச் சங்கடம். சென்ற மாதம் வாங்கிய அதே பூப்போட்ட பை இன்னும் இரண்டு கிடைத்தால்தான் வீட்டில் தைப்பது முடியும். அந்தப் பை அடுக்கின் அடியில் இருக்கும். கோழிக்கு எந்தத் தீவனம் ஒத்துக்கொள்ளும் என்பதை வீட்டுக்காரி துணியைப் பார்த்துத் தீர்மானித்தாள். மூட்டை புரட்டியவன் முதுகு வலித்தது. 'இதே துணி இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?' என்பது இன்றைக்கும் குவில்ட் கடையில் கல்லா முன் அடிக்கடி விழும் கேள்வி. அதைத் தீவனக் கடைக்காரர்கள்தான் முதலில் சமாளித்திருக்கிறார்கள்.

இதே பெருமந்தத்தின் நடுவில் 1933ஆம் ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சி. சியர்ஸ் ரோபக் நிறுவனம் அதையொட்டித் தேசிய குவில்ட் போட்டி அறிவித்தது. முதல் பரிசு 1,000 டாலர். ஆண்டுச் சம்பளமாகவே அவ்வளவு கிடைக்காத குடும்பங்கள் அன்று லட்சக்கணக்கில். சுமார் 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. சியர்ஸின் ஊர்க் கடையில் ஒரு வடிகட்டல், வட்டாரத்தில் ஒன்று, கடைசியில் 30 போர்வைகள் சிகாகோ போயின. வென்றவர் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் கடை நடத்திவந்த மார்கரெட் கேடன். போர்வையை அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

கேடன் அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே பரவலாகத் தெரியவந்தது. கூலிக்கு அமர்த்திய பெண்கள் தைத்தது. பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. பெருமந்தக் காலத்தில் கிடைத்த வேலையை இழக்கப் பயந்து வாய் திறக்கவில்லை. பார்பரா பிராக்மன், மெரிகே வால்ட்வோகல் என்னும் இரு ஆய்வாளர்கள் தேடித் தொகுத்ததால் கதை வெளியே வந்தது. போர்வையோ எங்கே போனதென்றே தெரியாமல் தொலைந்துவிட்டது. ஆனால் வடிவம் தொலையவில்லை. 'ஸ்டார் ஆஃப் த புளூகிராஸ்' என்று பெயரிட்டு மவுண்டன் மிஸ்ட் அதையும் அச்சிட்டு விற்றது.

அந்தப் போட்டியின் நடுவர்களில் ஒருவர் மேரி மெக்எல்வெய்ன். விஸ்கான்சினில் வால்வர்த் என்னும் சிற்றூரில் அசல் குவில்ட் கடையே நடத்தியவர். வடிவம், கத்தரித்த துணிக் கட்டு, தைத்து முடித்த போர்வை எல்லாம் அவரிடம் கிடைக்கும். ஆக 1930களிலேயே முன்னோடிகள் இருந்தார்கள். ஆனால் அது தனிமரம். போர் வந்ததும் அந்த அலை வடிந்துவிட்டது.

கடை வாசலையே மிதிக்காதவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அலபாமாவில் ஆறு மூன்று பக்கமும் வளைத்த நிலத்துண்டு ஜீஸ் பெண்ட். அடிமைப்பட்டிருந்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டை, சட்டை, மாவுப்பை இவற்றையே குவில்ட்டாக்கினார்கள். முழங்கால் பட்ட இடத்தில் மங்கிய நீலம், பை இருந்த இடத்தில் மங்காத நீலம். அந்த வேறுபாடே அவர்களுக்கு வண்ணக்கலவை. குடிசார் உரிமைப் போராட்டத்தின் உச்சத்தில் 1966இல் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவுச் சங்கம் அந்த வட்டாரத்தில் உருவானது. 1972இல் சியர்ஸ் அவர்களுக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கொடுத்தது. உறை சிகாகோ போனது, வெட்டி விழுந்த கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக்குப் போயின. பழுப்பு, தங்கநிறம், பச்சை என்று கனத்த துணியில் அன்று தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் மாட்டப்பட்டபோது, ஓவிய விமர்சகர்கள் பெருந்திரளாகப் போற்றினார்கள்.

விட்னிக்கு அது முதல்முறை அல்ல. 1971 கோடையில் ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் என்ற இணையர் தாங்கள் சேகரித்த குவில்ட்களில் ஏறத்தாழ அறுபதை அங்கே சுவரில் மாட்டினார்கள். கட்டிலில் கிடக்க வேண்டியதை நிமிர்த்தி நிறுத்தி, நவீன ஓவியத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கச் சொன்னார்கள். தைத்த பெண்களின் பெயரோ சூழலோ பேசப்படாமல் வெறும் வடிவமாகவே காட்டினார்கள் என்று பின்னால் விமர்சனமும் எழுந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் பரண்மேல் கிடந்த பாட்டியின் போர்வையை நாடெங்கும் இறக்கிப் பார்க்க வைத்ததில் அந்தக் கண்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு. ஐந்து ஆண்டில் நாட்டின் இருநூறாவது ஆண்டுவிழா. எங்கு பார்த்தாலும் பழைய காலக் கைவேலை மேல் ஆசை.

ஆசை வந்தது, துணி இல்லை. 1970களின் துணிக்கடைகளில் ஆண்டது பாலியஸ்டர். கசங்காது, இஸ்திரி வேண்டாம் என்று தையற்காரிகள் கொண்டாடிய அதே குணம்தான் குவில்ட்டுக்கு எமன். நகத்தால் கீறினால் மடிப்பு நிற்க வேண்டும், ஊசி வழுக்காமல் இறங்க வேண்டும், மூலைக்கு மூலை பிசகாமல் பொருந்த வேண்டும். இதற்கெல்லாம் சுத்தப் பருத்திதான் சரி. பொடிப்பூ போட்ட நூறு சதப் பருத்தி வேண்டும் என்று பெரிய கடையில் கேட்டால் கையை விரித்தார்கள். அந்த இடைவெளியில்தான் பெண்கள் தாங்களே கடை திறந்தார்கள். கராஜில், பழைய வீட்டின் முன்னறையில், மூடிக்கிடந்த மருந்துக்கடையில். வாடிக்கையாளராகத் தேடி அலைந்து சலித்தவரே கல்லாவின் மறுபக்கம் போய் உட்கார்ந்ததால், தொழிலின் பழக்கவழக்கமே வேறாக அமைந்தது.

பிரசன்ஹன் தன் ஹூஸ்டன் கடையின் வாடிக்கையாளர்களுக்காக ஏற்பாடு செய்த சிறு கண்காட்சி ஆண்டுதோறும் வளர்ந்து 'இன்டர்நேஷனல் குவில்ட் ஃபெஸ்டிவல்' ஆனது. கடைக்காரர்கள் மட்டும் வந்து மொத்தக் கொள்முதல் செய்ய 1979இல் 'குவில்ட் மார்க்கெட்' தொடங்கினார். தனித்தனியே ஆலைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த சிறு கடைக்காரிகள் ஒரே கூடத்தில் திரண்டு நின்றதும், துணி நிறுவனங்கள் குவில்ட்டுக்கென்றே துணி அச்சிடத் தொடங்கின.

அதே 1979இல் ஜப்பானில் இன்னொன்று நடந்தது. ஒசாகாவின் ஓல்ஃபா நிறுவனம், நுனி மழுங்கினால் ஒடித்துப் போடும் கத்தியால் ஏற்கெனவே பெயர் பெற்றது. அது இப்போது பீட்சா வெட்டும் சக்கரம்போன்ற சுழல்கத்தியைத் தையற்காரர்களுக்காகக் கொண்டுவந்தது. குவில்ட்காரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை அட்டையில் வடிவம் வெட்டி, பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கியாக வேண்டும். சக்கரம் வந்ததும் நாலைந்து அடுக்குத் துணியை அளவுகோல் வைத்து ஒரே இழுப்பில் கீற்றாக வெட்ட முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கலிஃபோர்னியாவின் எலினோர் பர்ன்ஸ், ஒரே நாளில் குவில்ட் தைக்கும் முறையைச் சொல்லித்தரும் புத்தகத்தைச் சொந்தமாக அச்சிட்டிருந்தார். துண்டு துண்டாக இணைக்காமல் நீளக் கீற்றுகளைச் சேர்த்துத் தைத்துவிட்டுப் பிறகு வெட்டும் முறை அது. ஆறு மாத வேலை வாரக்கடைசிக்குள் அடங்கியது. வேகமாகத் தைப்பவர் வேகமாகத் துணி வாங்குவார். கடைகள் பெருகியதன் ரகசியத்தில் பாதி இது.

குவில்ட் கடையின் வெட்டுமேசையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். துணியின் அகலம் ஏறத்தாழ 44 அங்குலம். கால் கெஜம் கேட்டால் சாதாரணக் கடையில் 9 அங்குல அகலத்தில் நீண்ட பட்டை கிடைக்கும். பெரிய பூவோ பத்து அங்குலக் கட்டமோ அதில் எடுக்க முடியாது. குவில்ட் கடைக்காரி அரை கெஜம் வெட்டி, அதைக் குறுக்கே இரண்டாக்கித் தருவாள்: 18க்கு 22 அங்குலம். பரப்பு அதே கால் கெஜம்தான், உபயோகம் இரு மடங்கு. இதற்கு 'ஃபேட் குவார்ட்டர்' என்று பெயர். வரிசையாக மடித்து, நிறவாரியாக, கூடைகளில் அடுக்கியிருக்கும் இந்தக் கட்பீஸ்தான் கடையின் உயிர். முழுத் தானில் நாலு கெஜம் வாங்கப் பணமோ தைரியமோ இல்லாதவரும் நான்கு நிறம் எடுத்துக்கொண்டு போகலாம். மீதித் துணி தேங்காமல் கடைக்காரிக்கும் கழிகிறது.

ஆனால் அந்த மீதியை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. துணி நிறுவனங்கள் ஒரு வரிசையை அச்சிட்டு விற்றபின் பெரும்பாலும் மறுபடி அச்சிடுவதில்லை. போர்வையின் கரைக்குக் கால் கெஜம் குறைகிறது என்று ஆறு மாதம் கழித்து வந்து நின்றால், அதே துணி நாட்டிலேயே கிடைக்காது. அனுபவப்பட்ட கடைக்காரி முதலிலேயே 'இன்னும் அரை கெஜம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்பாள். வியாபாரத் தந்திரம் என்று புதியவர் நினைப்பார். இந்தச் சிவப்பு சாயம் விடுமா, அந்த வெள்ளையோடு சேர்த்துத் துவைக்கலாமா என்பதும் தினசரிக் கேள்வி. சோழமண்டலத் துணியை வாங்கியவர்களுக்கும் அதே கவலை இருந்தது. அவர்களுக்குச் சாயவேர் பதில் சொன்னது, இங்கே கடைக்காரியின் அனுபவம் சொல்கிறது.

சண்டையும் இல்லாமல் இல்லை. கென்டக்கியில் ஓஹையோ, டென்னசி ஆறுகள் கலக்கும் இடத்தில் இருக்கும் படூகா, சுமார் 27,000 பேர் வாழும் ஊர். பில் ஷ்ரோடர், மெரடித் ஷ்ரோடர் தம்பதி 1984இல் அங்கே 'அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி'யைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு முதல் போட்டியும், 1991இல் அருங்காட்சியகமும் வந்தன. போட்டி வாரத்தில் ஊர் நிரம்பி வழியும்; விடுதி போதாமல் வீட்டுக்காரர்களே அறைகளை வாடகைக்கு விட்டார்கள். 1989இல் அங்கே முதல் பரிசு கேரல் பிரையர் ஃபாலர்ட் செய்த சூரிய கிரகணக் குவில்ட்டுக்குப் போனது. மூன்று அடுக்கையும் இணைக்கும் பொடித்தையலை அவர் மெஷினில் போட்டிருந்தார். கையால் போட்ட தையலே தையல், மற்றது மோசடி என்று ஒரு தரப்பு குமுறியது. மெஷினில் நேர்த்தியாகத் தைப்பதும் கைவித்தைதான் என்றது மறுதரப்பு. கடைகளைப் பொறுத்தவரை தீர்ப்பு சீக்கிரமே வந்துவிட்டது: வாடிக்கையாளர்கள் மெஷின் வகுப்பு கேட்டார்கள்.

மெஷின் என்றால் வீட்டு மெஷின் மட்டுமல்ல. உருளைகளில் போர்வையை விரித்து மாட்டிவிட்டு, தையல் தலையை மட்டும் அதன்மேல் ஓட்டும் 'லாங்ஆர்ம்' என்ற பெரும் இயந்திரம் பரவியது. விலையும் இடமும் கார் அளவுக்கு வேண்டும். ஆகவே சொந்தமாக வாங்குபவர் சிலர்தான், மற்றவர்கள் மேல் அடுக்கைத் தைத்துவிட்டுக் கூலிக்குக் கொடுப்பார்கள். அங்கே வரிசை நீண்டது. மிசூரி மாநிலம் ஹாமில்டன் என்ற சிற்றூரில் ஜென்னி டோன் தன் போர்வையைக் கொடுத்தபோது, முடித்துத் தர ஓராண்டு போல ஆகும் என்றார்கள். வேலைவாய்ப்பு சரிந்துகொண்டிருந்த 2008. பிள்ளைகள் கடன் வாங்கி அம்மாவுக்கு ஒரு லாங்ஆர்மும், அதை வைக்க ஊர்க் கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடமும் வாங்கினார்கள். கட்டடத்தைவிட இயந்திரத்துக்குத்தான் விலை அதிகம். ஊர் அந்த நிலையில் இருந்தது.

ஹாமில்டன் அப்படியொன்றும் பெயர் தெரியாத ஊரல்ல. ஜே.சி. பென்னி என்ற மாபெரும் துணிக்கடைத் தொடரை நிறுவிய ஜேம்ஸ் கேஷ் பென்னி பிறந்தது இந்த ஊர்ப்பக்கம்தான், 1875இல். தன் 500ஆவது கடையை 1924இல் இங்கேயே திறந்தார். அந்தச் செழிப்பெல்லாம் போய், கடைத்தெரு காலியாகிக் கிடந்தபோதுதான் டோன் குடும்பத்தின் 'மிசூரி ஸ்டார்' வந்தது. கூலித்தையலுக்கு ஆள் வரவில்லை என்று மகன் அம்மாவை யூடியூப்பில் பாடம் எடுக்கச் சொன்னார். வெட்டுவதற்கே பயப்படும் புதியவர்களுக்கு, ஆலையிலேயே வெட்டி உருட்டிக் கட்டிய இரண்டரை அங்குலக் கீற்றுகளை வைத்து ஜென்னி சிரித்தபடி சொல்லிக்கொடுத்தார். சில ஆண்டுகளில் அது நூற்றுக்கணக்கானோர் வேலை பார்க்கும் தபால் வியாபாரமானது. ஜென்னியின் கணவர் அதற்கு முன் மெக்கானிக்காக இருந்தது, ஒரு காலத்தில் வாராவாரம் குவில்ட் வடிவம் அச்சிட்ட அதே 'கான்சஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழில்.

வீட்டுக்கே துணி வரும்போது யார் ஹாமில்டனுக்கு வருவார்கள்? பேருந்து பேருந்தாக வந்தார்கள், வருகிறார்கள். சுமார் 1,700 பேர் வசிக்கும் ஊரில் ஒரே நிறுவனம் பத்துக்கும் மேற்பட்ட கடைகளைத் தெருவில் வரிசையாக வைத்திருக்கிறது. பூப்போட்டதற்கு ஒன்று, குழந்தைத் துணிக்கு ஒன்று, ஒற்றை நிறத்துக்கு ஒன்று. கூட வரும் கணவர்கள் சலித்துப்போகாமல் இருக்க, சோபாவும் தொலைக்காட்சியும் வைத்த தனியிடமும் உண்டு. சிறு கடைகளில் இதன் ஏழை உறவு வாசலோரத்து நாற்காலி. கணவர் உட்கார இடம் இருக்கும் கடையில் மனைவி இன்னும் அரை மணி நேரம் நிற்பாள் என்பது இத்தொழிலின் பழைய கணக்கு.

இணையம் சிறு கடைகளை வேறு விதமாகச் சோதித்தது. துணியைத் தொட்டுப் பார்த்து, நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெயரைக் குறித்துக்கொண்டு போய் இணையத்தில் இரண்டு டாலர் குறைவாக வாங்குபவர்களைக் கடைக்காரிகள் நன்றாகவே அறிவார்கள். துணியின் விலையில் மல்லுக்கட்ட முடியாது என்று தெரிந்ததும், தபாலில் அனுப்ப முடியாதவற்றைப் பெருக்கினார்கள். சனிக்கிழமை வகுப்பு, மாதம் ஒரு கட்டமாக ஆண்டு முழுதும் ஒரு போர்வை, இரவு முழுக்க எல்லோரும் சேர்ந்து தைக்கும் கூட்டம், மெஷின் பழுதுபார்ப்பு. 2011இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய 'ரோ பை ரோ' இதில் கெட்டிக்காரத்தனமானது. கலந்துகொண்ட ஒவ்வொரு கடையும் தன் ஊரைச் சொல்லும் ஒரு வரிசைக்கான வடிவத்தை இலவசமாகத் தந்தது. ஆனால் நேரில் வந்தால்தான். கோடை விடுமுறைப் பயணத்தின் வரைபடத்தையே குவில்ட் கடைகளை வைத்துப் போட்டவர்கள் உண்டு.

இந்தக் கடைகள் எல்லாமே சொர்க்கம் அல்ல. பழைய வாடிக்கையாளர்களோடு பேச்சில் மூழ்கிப் புதிதாக நுழைந்தவரைத் திரும்பிப் பார்க்காதது, அந்த நிறம் சேராது என்று முகத்துக்கு நேரே சொல்வது, வேறு கடையில் வாங்கிய மெஷினா என்று உதட்டைச் சுழிப்பது ஆகியவை இத்தொழிலின் நிரந்தர வியாதிகள். கெஜம் பன்னிரண்டு டாலருக்கு மேல் விற்கும் துணியைப் பத்து பன்னிரண்டு கெஜம் வாங்குபவர், கொஞ்சம் மரியாதையும் எதிர்பார்ப்பார். நேராக வெட்டித் தர வேண்டும், மடிப்பு விழுந்த ஓரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, தைத்துக் காட்டிய மாதிரி சுவரில் இருக்க வேண்டும், அந்த மாதிரியில் உள்ள துணி அலமாரியிலும் இருக்க வேண்டும். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாம் ஒரே கடையில் அமைவதுதான் அபூர்வம்.

2020இல் பெருந்தொற்று வந்தபோது, நெருக்கமாக நெய்த குவில்ட் பருத்திதான் முகக்கவசத்துக்கு ஏற்றது என்று தெரிந்தது. பெட்டி பெட்டியாக வீட்டில் சேர்த்து வைத்துக் குடும்பத்தாரிடம் கேலி வாங்கிக்கொண்டிருந்தவர்கள், அந்தத் துணியிலேயே மருத்துவமனைகளுக்கு ஆயிரக்கணக்கில் தைத்துக் கொடுத்தார்கள். துணி இருந்தது, எலாஸ்டிக்தான் கிடைக்கவில்லை.

ஐந்தாண்டு கழித்து எலாஸ்டிக் மறுபடி சிக்கலானது, வேறு காரணத்தால். 1943இல் கிளீவ்லாந்தில் தொடங்கி நாடெங்கும் சுமார் 800 கிளைகளுடன் பரவியிருந்த 'ஜோஆன்' துணிக்கடைத் தொடர், ஓராண்டுக்குள் இரண்டாம் முறையாக 2025 ஜனவரியில் திவால் மனு போட்டு, மே மாத இறுதிக்குள் எல்லாக் கிளைகளையும் மூடியது. இன்னொரு பெரிய தொடரான 'ஹான்காக் ஃபேப்ரிக்ஸ்' 2016இலேயே போய்விட்டது. சலுகைச் சீட்டு காட்டி மலிவாக விற்கும் ஜோஆனைத் தங்கள் எதிரியாகவே கருதியிருந்த குவில்ட் கடைகளின் வாசலில் இப்போது வேறு கூட்டம். குவில்ட் தைக்கத் தெரியாதவர்கள், தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லாதவர்கள். அவர்களுக்கு வேண்டியது ஜிப், எலாஸ்டிக், பள்ளி நாடகத்துக்கு வலைத்துணி, குளிருக்கு ஃபிளீஸ். பருத்தி மட்டுமே வைப்போம் என்பது இந்தக் கடைகள் 1970களில் பெருமையாக எடுத்துக்கொண்ட உறுதி. அந்த உறுதிதான் பாலியஸ்டர் காலத்தில் அவற்றைப் பிழைக்கவைத்தது. துணி நிறுவனங்களுக்கோ பல மாதம் முன்கூட்டியே, முழுத் தான் கணக்கில் ஆர்டர் கொடுத்தாக வேண்டும். விற்காத ஃபிளீஸ் அடைத்துக்கொள்ளும் இடத்தில் விற்கும் பருத்தியை வைக்க முடியாது. சில கடைகள் ஜிப்புக்கும் எலாஸ்டிக்குக்கும் கல்லாவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிவிட்டன. ஃபிளீஸ் கேட்பவர்களுக்கு இன்னும் இல்லை என்றே பதில்.